இமயப் போரும் இங்குள்ள தமிழரும்

வரலாற்றை வீரக்கதையாக மட்டும் கற்பிப்பது தவறு. பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வந்து வேறொரு மண்ணில் வேரூன்றிய மக்களின் பிள்ளைகளுக்கு அவ்வாறு கற்பிப்பது பெருந்தவறு. தமிழ் வகுப்பறைகளில் இமயம் என்னும் சொல் எழும்போதெல்லாம் மூன்று செய்திகள் தவறாமல் கூறப்படுகின்றன. கரிகாலன் இமயத்தில் புலி பொறித்தான். நெடுஞ்சேரலாதன் இமயவரம்பன் எனப் பெயர் பெற்றான். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுத்து அதனைக் கனக விசயர் முடிமேல் ஏற்றினான். இவை இலக்கியம் தரும் செய்திகள், கற்பிக்க வேண்டியவையே. ஆயின் இவை மாணவன் மனத்தில் விட்டுச் செல்லும் எண்ணம் யாது? ஆற்றல் மிக்க எவரேனும் ஏறிச் சென்று தம் முத்திரையைப் பொறிக்கும் ஆளற்ற மலையே இமயம் என்பதுதான்.

அவ்வெண்ணத்தோடு வளர்பவன், 1962ஆம் ஆண்டு இந்தியாவும் சீனாவும் இமய எல்லையில் பொருத போரினையும் அதே செவியோடுதான் கேட்பான். 2020ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் இலடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்திய வீரர் இருபதின்மர் மாண்டனர். அவருள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்துத் தமிழரான அவில்தார் பழனி. தம் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீன அரசு அடுத்த ஆண்டு அறிவித்தது. அந்நாளில் தமிழர் கைப்பேசிகளில் பரவிய செய்திகள் பலவும் 1962இல் பட்ட வடுவிற்குப் பழிவாங்கும் நாள் வந்துவிட்டது என்றே முழங்கின. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் சீனரோடு சுவரடுத்து வாழும் தமிழர் கைகளுக்கும் அச்செய்திகள் வந்தன. வந்தவை மேலும் சிலருக்குச் சென்றன. அனுப்பியவர் எவரும் அடுத்த வீட்டுச் சீனரை வெறுப்பவர் அல்லர். ஆயினும், ஒரு போரை மூதாதையர் நாட்டின் கண்கொண்டு மட்டும் பார்க்கும் பழக்கம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்ப்பதற்கு வழி உண்டு. கெடாத் தமிழர் அப்போரை அக்சாய் சின்னிலிருந்தோ தவாங்கிலிருந்தோ படிக்கத் தொடங்க வேண்டா. இராசத்தானில் உள்ள தேவ்லி என்னும் சிற்றூரிலிருந்து தொடங்குவார்களாயின், அப்போர் அவர்களுக்குரிய பாடத்தைத் தானே சொல்லும். அதற்கு முன், போர் எதன் பொருட்டு மூண்டது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

பேனா கிழித்த கோடுகள்

பூசலுக்குரிய நிலங்கள் இரண்டு. மேற்கே இலடாக்கை அடுத்துள்ள அக்சாய் சின். ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய உயர்ந்த உப்புப் பாலை. கிழக்கே இன்று அருணாசலப் பிரதேசம் எனப் பெயர் பெற்றுள்ள மலைநாடு. அதன் பரப்பு ஏறத்தாழ 84,000 சதுர கிலோமீட்டர். மேற்கு நிலம் சீனாவின் ஆளுகையிலும் கிழக்கு நிலம் இந்தியாவின் ஆளுகையிலும் உள்ளன. ஒவ்வொரு நாடும் மற்றதன் கையில் உள்ளதைத் தனது என்கிறது.

இக்கோடுகளை வகுத்தவர் யார்? 1865ஆம் ஆண்டு ஜான்சன் என்னும் நில அளவையாளர் வரைந்த கோடு அக்சாய் சின்னைக் காசுமீர மன்னரின் நாட்டோடு சேர்த்தது. 1899ஆம் ஆண்டு அதே ஆங்கில அரசு சீனப் பேரரசின் முன்வைத்த வேறொரு கோடு அதன் பெரும்பகுதியைச் சீனாவின் பக்கம் விட்டது. சீனப் பேரரசு அதற்கு விடையே கூறவில்லை. கிழக்கில், 1914ஆம் ஆண்டு சிம்லா மாநாட்டையொட்டி என்றி மக்மகான் திபெத்தின் பேராளரோடு ஒரு கோட்டிற்கு உடன்பட்டார். மாநாட்டு வரைவில் சீனப் பேராளர் முதலெழுத்திட்டார்; அவருடைய அரசோ அதனை ஏற்க மறுத்தது. அம்மலைகளில் காலங்காலமாக வாழ்ந்த மோன்பா மக்களை எவரும் கேட்டதில்லை.

இக்கதை கெடா மக்களுக்குப் புதியதா? மக்மகான் கோட்டிற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1909ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றின் மீதிருந்த தன் உரிமைகளைச் சயாம் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது. கெடாவோடு சேர்ந்திருந்த சத்தூன் சயாமிடமே நின்றுவிட்டது. கெடா சுல்தானின் இசைவு பெறாமலே இஃது நடந்தது. கெடா ஆங்கிலேயரோடு தனி உடன்படிக்கை செய்துகொள்ள 1923ஆம் ஆண்டு வரை ஆயிற்று. பின்னர் 1943இல் சப்பானியர் அந்நான்கு மாநிலங்களையும் தாய்லாந்திற்குக் கொடுத்தனர். 1945இல் கோடு பழைய இடத்திற்கு மீண்டது. பாலிங்கிலும் பீடோங்கிலும் பால்வெட்டிய தமிழர் நின்ற மரத்தடியிலேயே நிற்க, நாடு மட்டும் அவர்கள் காலடியில் இருமுறை கைமாறியது. அதே ஆண்டுகளில்தான் தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்கக் கொண்டுபோகப்பட்டு மீளாமற் போயினர். எல்லைக்கோடு என்பது வானிலிருந்து இறங்கி வந்ததில்லை என்பதற்குக் கெடா மாணவனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

போரும் அதன் கணக்கும்

1954ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் பஞ்சசீல உடன்படிக்கை செய்தன. அவ்வாண்டிலேயே, அதுவரை மேற்கெல்லையை வரையறுக்கப்படாதது எனக் காட்டி வந்த இந்திய நிலப்படங்களில் உறுதியான கோடு இடுமாறு நேரு பணித்தார். மறுபுறம், சிங்சியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையைச் சீனா அக்சாய் சின் வழியே அமைத்தது. 1957இல் சீனா அறிவித்த பின்னரே இந்தியா அதனை உறுதியாக அறிந்தது. 1959 மார்ச்சில் திபெத்தில் கிளர்ச்சி எழுந்தது. தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு அக்டோபரில் கொங்கா கணவாயில் இந்தியக் காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1960 ஏப்ரலில் சூ என்லாய் தில்லிக்கு வந்தார். மேற்கில் இருப்பதை ஒருவரும் கிழக்கில் இருப்பதை மற்றவரும் வைத்துக்கொள்ளலாம் என்னும் குறிப்பு அவர் பேச்சில் இருந்தது. நாடாளுமன்றமும் நாளிதழ்களும் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்குறிப்பை எடுத்துப் பேசத் தில்லியில் எவரும் துணியவில்லை. 1961 நவம்பரில், பூசலுக்குரிய நிலத்தில் சிறுசிறு காவல் நிலைகளை முன்னகர்த்துமாறு இந்தியப் படைக்கு ஆணை பிறந்தது. 1962 அக்டோபர் 20ஆம் நாள் விடியலில் சீனப் படை இரு முனைகளிலும் பெருந்தாக்குதல் தொடுத்தது. நவம்பர் 21ஆம் நாள் தானாகவே போர் நிறுத்தம் அறிவித்துக் கிழக்கில் பின்வாங்கியது. மேற்கில் தான் கொண்டதைக் கைவிடவில்லை.

ஒரு திங்கள் போர். இந்திய அரசின் கணக்குப்படி 1,383 வீரர் மாண்டனர். 1,696 பேர் காணாமற்போயினர். 3,968 பேர் சிறைப்பட்டனர். சீனத் தரப்பில் மாண்டோர் 722 பேர் என்பது அந்நாட்டுக் கணக்கு. நாம்கா சூ ஆற்றங்கரையில் இந்தியப் படையணி கோடைக்கால உடையோடு பனியில் நின்றது. ரெசாங் கணவாயில் மேசர் சைத்தான் சிங் தலைமையில் நின்ற குமாவுன் படைப்பிரிவினருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் தம் குழிகளை விட்டு நகராமலே இறந்தனர். அவ்வீரத்தைக் குறைத்துரைப்பவன் மனிதனல்லன். ஆனால் அவ்வீரர்களைக் குளிருடையின்றி அங்கு நிறுத்தியவர் யார் என்று வினவாமல் அவ்வீரத்தைப் பாடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகுமா? தோல்வியின் காரணங்களை ஆராய்ந்த எண்டர்சன் புரூக்சு அறிக்கையை இந்திய அரசு இதுவரை முழுமையாக வெளியிடவில்லை. வீரவணக்கம் மட்டும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

மலாயாவில் எழுந்த குரல்

இப்போரின் அலை கெடாவையும் தொட்டது. அலோர் ஸ்டாரில் பிறந்தவரும் மலாயாவின் முதற்பிரதமருமான துங்கு அப்துல் ரகுமான் வெளிப்படையாக இந்தியாவின் பக்கம் நின்றார். 1962ஆம் ஆண்டின் இறுதியில் ஜனநாயகப் பாதுகாப்பு நிதி ஒன்றைத் தொடங்கி இந்தியாவிற்காக மலாயா மக்களிடம் நன்கொடை வேண்டினார். நிதியின் பெயரைக் கூர்ந்து நோக்குதல் தகும். மக்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் சீனராய் இருந்த நாட்டில், இந்தியர்க்காக ஈக என அவர் பெயரிடவில்லை. ஓர் ஆட்சிமுறையைக் காக்க ஈக என்றார். அக்கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் குடிமகன் ஒவ்வொருவனின் உரிமை. எவனும் தன் பாட்டன் பிறந்த ஊரைக் கொண்டு பக்கம் தேர வேண்டியதில்லை.

அவ்வாண்டுகளில் கெடாத் தோட்டங்களில் நடந்த மற்றொன்றையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் தம் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தனர். தலைமுறையாக உழைத்தோர் தெருவில் நிற்கும் நிலை. அதனைத் தடுக்க 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தவணை முறையில் கட்டிய பணத்தைக் கொண்டு 1961இல் அச்சங்கம் வாங்கிய முதற்றோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். புலி பொறிக்காமலும் குருதி சிந்தாமலும் தமிழன் பெற்ற மண் அது. அதனைப் பாடத்தில் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? இமயத்தில் இழந்த பாலைநிலத்திற்காகப் பெருமூச்செறியும் நாவுகள் புக்கிட் சீடிமின் பெயரை ஒருமுறையேனும் உச்சரித்ததுண்டா?

தேவ்லி

இனித் தேவ்லிக்கு வரலாம். போர் நடந்தபோது அசாமிலும் டார்ஜிலிங், காலிம்போங் மலையூர்களிலும் கல்கத்தாவிலும் சீன மரபினர் பல்லாயிரவர் வாழ்ந்தனர். அசாமிற்கு முதலில் வந்த சீனர் யாவர் என்பது கெடாத் தமிழர் கேட்டு வியக்கத்தக்க செய்தி. ஏறத்தாழ 1840ஆம் ஆண்டையொட்டி, அசாமில் தேயிலைத் தோட்டம் திறந்த ஆங்கிலேயர், சீனர் எல்லோர்க்கும் தேயிலைத் தொழில் தெரியும் என்னும் மயக்கத்தால், பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சீனத் தொழிலாளரைக் கப்பலேற்றிக் கொண்டுபோயினர். கெடாவை ஒட்டிய அதே பினாங்குத் துறையில்தான் பிற்காலத்தில் தமிழ்த் தொழிலாளர் நாகப்பட்டினக் கப்பலிலிருந்து இறங்கினர். அவ்வாறு சென்ற சீனருள் பலர் விரைவில் விலக்கப்பட்டனர். எஞ்சியோரும், பின்னர் வந்த தச்சரும் வணிகரும் மாக்கும் போன்ற ஊர்களில் நிலைத்தனர். அங்குள்ள பெண்களை மணந்தனர். அவர்கள் பிள்ளைகள் அசாமிய மொழி பேசி வளர்ந்தனர்.

1962 நவம்பரில் அவர்கள் வீட்டுக் கதவுகள் தட்டப்பட்டன. முதியோரும் கருவுற்ற பெண்களும் பள்ளிச் சிறுவரும் அழைத்துச் செல்லப்பட்டனர். ஏறத்தாழ மூவாயிரவர் இரயிலேற்றப்பட்டுப் பலநாள் பயணத்தின் பின் தேவ்லியின் பழைய சிறைமுகாமில் அடைக்கப்பட்டனர். நீதிமன்ற விசாரணை ஏதும் இல்லை. போரையொட்டி வந்த சட்டங்களும் ஆணைகளும், ஒருவன் மட்டுமன்றி அவன் பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பகைநாட்டின் குடிகளாய் இருந்திருந்தாலும் அவனை ஐயத்திற்குரியவனாக்கின. ஈராயிரவருக்கும் மேற்பட்டோர் 1963இல் சீன அரசு அனுப்பிய கப்பல்களில் ஏறினர். அவருட் பலர் சீனாவைக் கண்டறியாதவர். அவர்களை ஏற்றிய துறை எது? சென்னைத் துறைமுகம். எஞ்சியோருள் சிலர் 1967 வரை முகாமிலேயே கிடந்தனர். விடுதலை பெற்று ஊர் திரும்பியோர் தம் வீடும் கடையும் ஏலம் போயிருக்கக் கண்டனர். இத்துயரை ரீத்தா சௌத்ரி 2010இல் ‘மாக்காம்’ என்னும் அசாமிய நாவலாக எழுதும் வரை இந்தியரிலேயே பெரும்பாலோர் இதனை அறியார்.

இப்போது கெடாத் தமிழர் தம்மை நோக்கட்டும். வெள்ளையன் தோட்டத்திற்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர் யார்? வேற்று நாட்டிற் பிறந்த பாட்டனை உடையவர் யார்? வந்த நாட்டின் மொழி பேசி, அந்நாட்டையே நாடாகக் கொண்டும், அடையாளத் தாளின் நிறத்தால் அயலவராய் நிறுத்தப்பட்டவர் யார்? 1969ஆம் ஆண்டு வேலை உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தாம் அறியாத இந்தியாவிற்குக் கப்பலேறினரே, அவர்களுக்கும் மாக்குமின் சீனருக்கும் என்ன வேறுபாடு? இலங்கை மலையகத்தில் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, தோட்டத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றது. சீனப் போருக்குப் பின் அண்டை நாடுகளின் நட்பு இந்தியாவிற்கு இன்றியமையாததாய் இருந்த வேளை அது. இமயத்தில் தோற்ற மானத்திற்காக மூச்செறியும் தமிழர், அத்தோல்விக்குப் பின்வந்த பேரத்தில் எண்ணிக் கொடுக்கப்பட்டவர் தமிழர் என்பதை ஏன் நினைப்பதில்லை?

மறுப்புகளும் விடைகளும்

தாக்கியது சீனாவன்றோ என்பார் உளர். ஆம், அக்டோபர் 20இல் பெரும்படை கொண்டு தாக்கியது சீனாவே. திபெத்தில் அது செய்ததும் மறைக்கத்தக்கதன்று. அதனைத் தமிழாசிரியர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பீக்கிங் அரசின் செயலுக்கு மாக்குமில் தச்சு வேலை செய்தவன் எவ்வாறு பொறுப்பாவான் என்பதையும் அதே மூச்சிற் கேட்க வேண்டும்.

போர்க்காலத்தில் எல்லா நாடுகளும் செய்வதே இது என்பார் உளர். செய்திருக்கின்றன. 1942இல் அமெரிக்கா சப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. ஆனால் 1988இல் அந்நாடு சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் அளித்தது. தேவ்லியில் இருந்தவர்க்கு இந்திய அரசு அத்தகைய மன்னிப்பு எதனையும் கூறவில்லை. மலாயாவிலும் அவசரகாலத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத் தமிழரும் வேலிக்குள் வாழ்ந்தனர். எல்லோரும் செய்தனர் என்பது தவற்றுக்கு மருந்தாகாது.

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை, இங்குள்ளார்க்கு இவற்றால் என்ன என்பாரும் உளர். தொலைவில் நடப்பதைக் கேட்டு இங்கு நாடித்துடிப்பு ஏறுகிறதே, அந்த நேரத்தில் மட்டும் தொலைவு எங்கே போயிற்று? பெருமை கொள்ள மட்டும் உறவு, பொறுப்பேற்க மட்டும் தொலைவு என்பது நேர்மையன்று. அன்றியும், நாளை வேறோர் எல்லையில் வேறொரு போர் மூளும்போது, பாட்டனின் ஊரைக் கொண்டு குடிமகனை அளக்கும் கோல் எவர் மீதும் விழலாம். அக்கோலை இன்று சீனர்மீது விழக் கண்டு வாளாவிருப்பவர், நாளை தம்மீது விழும்போது எந்த நாவால் நீதி கேட்பர்?

வகுப்பறையின் கடமை

தமிழாசிரியர் செய்யத்தக்கவை உண்டு. கரிகாலனின் புலியைக் கற்பிக்கும் நாளிலேயே, இராசேந்திரன் ‘கடாரங்கொண்டான்’ எனப் பெயர் பெற்ற கதையையும் எடுத்து, அந்தக் கடாரம் எது என மாணவனைக் கேட்கட்டும். தான் குடியிருக்கும் கெடாவே அது என்று அவன் உணர்வான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரம் கொள்ளப்பட்டபோது அங்கு வாழ்ந்த மக்கள் என்ன பட்டனர் என்னும் வினா அவனுக்குள் எழுந்தால், இமயமும் வேறு வகையில் தோன்றும். 1909ஆம் ஆண்டுக் கோட்டையும் 1914ஆம் ஆண்டுக் கோட்டையும் ஒரே கரும்பலகையில் வரைந்து காட்டட்டும். வீரர் எண்ணிக்கையை எழுதும் பலகையிலேயே தேவ்லியில் அடைக்கப்பட்டோர் எண்ணிக்கையையும் எழுதட்டும்.

இதற்கு அயல்நாட்டு அறிவுரை தேவையில்லை, புறநானூறே போதும். மலையமான் மேல் கொண்ட பகையால் அவன் பிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்தான் கிள்ளிவளவன். களத்தில் நின்ற சிறுவர், கொல்ல வந்த யானையைக் கண்டு அழுகையை மறந்து, அங்குக் கூடியிருந்த புதிய முகங்களை மருண்டு நோக்கினர். கோவூர் கிழார் இடைபுகுந்து சோழனின் முன்னோர் அருளை நினைவூட்டி அவர்களை உய்வித்தார். அவர் மலையமானுக்காகப் பகைமையை நியாயப்படுத்தவில்லை; சோழனை விட்டு மறுபக்கம் போகவும் இல்லை. பகைவனின் பிள்ளைகள் பகைவரல்லர் என்னும் ஒன்றையே சொன்னார். ஓர் அரசனின் முகத்தெதிரே அதைச் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது.

தேவ்லிக்கு இரயில் புறப்பட்டபோதும், சென்னைத் துறையில் கப்பல் நின்றபோதும், கோவூர் கிழாரின் மொழியைப் பேசுவோர் கோடிக்கணக்கில் இருந்தனர். இடைபுகுந்து சொல்வார் அரியர். அவர் பாடலை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் இடுவதோடு தமிழாசிரியரின் கடன் முடிந்துவிடாது. கெடாவின் தமிழ்ப்பள்ளியிலிருந்து வெளியேறும் மாணவன், இமயத்தில் எவர் வென்றார் என்று கேட்குமுன் அவ்வெற்றியின் பேரால் எவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது என்று கேட்கப் பழகியிருந்தால், அவனுக்குத் தமிழ் கற்பிக்கப்பட்டது என்று கூறலாம்.